விளையாட்டரங்கில் வல்லரசும் சிற்றரசும்

இணையத்தின் வழி ஆடப்பெறும் அரசியல் விளையாட்டுகளுள் 'நேஷன்ஸ்டேட்ஸ்' என்பது பரவலாக அறியப்பெற்ற ஒன்று. ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மேக்ஸ் பேரி, 2003ஆம் ஆண்டில் வெளிவந்த தம் 'ஜெனிஃபர் கவர்ன்மென்ட்' என்னும் நாவலுக்கு விளம்பரமாக 2002இல் இதனைத் தொடங்கினார். ஆட வருபவர் ஒரு நாட்டுக்குப் பெயரிடுகிறார். கொடியும் நாணயமும் வகுக்கிறார். அன்றாடம் வந்து நிற்கும் சிக்கல்களுக்கு முடிவு கூறுகிறார். விளையாட்டின் எந்திர அமைப்பில் போர் கிடையாது. போர் வேண்டுவோர் எழுத்தில்தான் போரிட வேண்டும். ஒருவர் தம் படை நகர்ந்ததைக் கதையாக எழுத, மற்றவர் அதற்கு மறுமொழி எழுத, இருவரும் சேர்ந்து ஒரு வரலாற்றைப் புனைகின்றனர். ஆதலின் இஃது ஒருவகைக் கூட்டிலக்கியம் எனலாம். நாம் இதனைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டதும் அக்காரணம் பற்றியே.

இக்கூட்டுப் புனைவில் ஒரு நாட்டின் வலிமைக்கு வரம்பிடுதல் முறையாகுமா என்பது வினா. 'கற்பனைக்கு ஏன் கடிவாளம்? என் நாடு, என் படை, என் விருப்பம்' என்பார் ஒரு சாரார். இவ்வாதத்தைப் பள்ளித் திடலில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 'சுட்டுவிட்டேன், நீ விழ வேண்டும்' என்பான் ஒரு சிறுவன். 'என்னிடம் கவசம் இருக்கிறது' என்பான் மற்றவன். 'என் குண்டு கவசத்தையும் துளைக்கும்' என்று முதல்வன் கூறும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது. தோல்வியே அறியாத தெய்வத்தன்மையைத் தனக்குத் தானே ஏற்றிக்கொள்ளும் இப்போக்கினை இணைய ஆட்டக்காரர்கள் 'காட்மோடிங்' என்று பெயரிட்டுக் கண்டிக்கின்றனர். எதிரியின் இழப்பை நாம் எழுதலாகாது, அவர்தம் இழப்பை அவரே எழுத வேண்டும் என்பது அவர்களிடையே நிலவும் வழக்கு. தாக்குபவன் தாக்குதலை மட்டுமே அறிவிக்கலாம். விளைவைக் கூறும் உரிமை தாக்குண்டவனுடையது. என் கருத்தில் இதுவே வரம்புகளுள் தலையாயது. படையின் அளவையன்று, பேச்சின் அளவையே இது வரையறுக்கிறது. எளியவனுக்கும் தன் கதையைத் தானே கூறும் இடத்தை இது காத்துத் தருகிறது.

வரம்பு கற்பனையைக் கொல்லும் என்பாருக்கு யாப்பினைக் காட்டினாலே போதும். வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் முடிதல் வேண்டும் என்னும் விதி எப்புலவரையும் ஊமையாக்கிவிடவில்லை. அவ்விதி நேர்மையானதாக இருப்பதற்குக் காரணம் யாதெனில், நேற்று எழுதத் தொடங்கியவனுக்கும் நாற்பதாண்டு எழுதியவனுக்கும் அது ஒன்றே. மூத்த புலவர்க்கு மட்டும் ஒரு சீர் கூடுதலாக வழங்கப்படுவதில்லை.

நேஷன்ஸ்டேட்ஸில் அத்தகைய கூடுதல் சீர் ஒன்று உண்டு. எல்லா நாடுகளும் ஐம்பது இலட்சம் மக்களோடு பிறக்கின்றன. ஆட்சி நல்லதாயினும் தீயதாயினும் நாளடைவில் மக்கள்தொகை பெருகி, பழைய நாடுகள் நூற்றுக்கணக்கான கோடிகளை எட்டிவிடுகின்றன. கதைப்போரில் 'படை என்பது மக்கள்தொகையில் இத்தனை விழுக்காட்டுக்கு மேற்படலாகாது' என்று ஆட்டக்காரர்கள் வரம்பு கட்டும்போது அது நடுநிலையானதாகவே தோன்றும். ஆயின் அவ்விழுக்காடு எதன்மீது கணக்கிடப்படுகிறது? முன்னரே வந்தவன் என்னும் ஒரே தகுதியின்மீது. திறமையோ எழுத்தாற்றலோ அங்கே அளக்கப்படவில்லை. அளவுகோல் பொதுவாயிருந்தும் அளக்கப்படும் பொருள் பொதுவாயில்லாவிடின் அவ்வரம்பு நேர்மையுடையது ஆகாது.

இதற்கு மாறான அமைப்பை அமெரிக்கரான ஆலன் கால்ஹேமர் உருவாக்கி 1959இல் வெளியிட்ட 'டிப்ளமசி' என்னும் பலகை விளையாட்டிற் காணலாம். முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள் அதில் மோதுகின்றன. ஆறு அரசுகளுக்கு மும்மூன்று படைகள். ரஷ்யாவுக்கு மட்டும் நான்கு. பகடை இல்லை. ஒரு படைக்கும் மற்றொரு படைக்கும் வலிமையில் வேறுபாடில்லை. பக்கத்துப் படையின் துணை கிடைத்தாலன்றி ஒன்று மற்றொன்றை வெல்லவே இயலாது. வலியறிதல் அதிகாரத்தில் துணைவலியையும் எண்ணிப் பார்க்கச் சொல்லும் வள்ளுவர் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். எனினும் எண்ணிக்கைச் சமம் இடச்சமமன்று. துருக்கி மூலையிலிருந்து நிம்மதியாக ஆள, ஆஸ்திரியா-ஹங்கேரி நடுவில் நின்று நாற்புறமும் அஞ்சுகிறது. அக்குறையை விதி தீர்க்கவில்லை. பேச்சுவார்த்தையே தீர்க்க வேண்டியிருக்கிறது.

நேஷன்ஸ்டேட்ஸில் 2006இல் புகுத்தப்பட்ட 'செல்வாக்கு' என்னும் ஏற்பாடு தனித்து நோக்கத்தக்கது. நாடுகள் வட்டாரங்களாகக் கூடி வாழ்கின்றன. அயலார் கூட்டமாக நுழைந்து, தம்முள் ஒருவரை வட்டாரப் பேராளராக்கி, அவர் வழியே பழங்குடிகளை வெளியேற்றும் கொடுமை முன்னர் மிகுந்திருந்தது. இன்று ஒரு வட்டாரத்தில் நெடுநாள் வாழ்ந்த நாட்டை வெளியேற்ற வேண்டுமாயின் பேராளர் தாம் சேர்த்த செல்வாக்கை மிகுதியாகச் செலவிட்டாக வேண்டும். இங்கும் முதுமைக்கே மதிப்பு. ஆயினும் நான் இதனை ஏற்கிறேன். கதைப்போரில் முதுமை வேலாகிறது, ஈண்டுக் கேடயமாகிறது. இக்கேடயமும் வேலாக மாறும் இடமுண்டு என்பதை மறைத்தற்கில்லை. புதிய நாடுகள் பிறக்கும் வட்டாரங்களில் நெடுங்காலம் பதவியில் அமர்ந்துவிட்ட பேராளரிடம் செல்வாக்கு மலையெனக் குவிந்துவிடும். நேற்றுப் பிறந்த நாட்டை வெளியேற்ற அவருக்கு ஆகும் செலவோ மிகச் சிறிது.

வாக்குரிமைக்கு வருவோம். இவ்விளையாட்டிலுள்ள உலக மன்றம் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் என்னும் பெயராலேயே வழங்கியது. உண்மையான ஐக்கிய நாடுகள் நிறுவனம் மறுப்புத் தெரிவித்தமையால் 2008இல் பெயர் மாறியது. ஒருவர் எத்தனை நாடுகளைப் படைத்தாலும் அவற்றுள் ஒன்றே மன்றத்தில் உறுப்பியம் பெறலாம். உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. வட்டாரப் பேராளருக்கு மட்டும், தம்மை ஆதரிக்கும் நாடு ஒன்றுக்கு ஒரு வாக்கு வீதம் கூடுதலாக உண்டு. ஆதரித்தவர்களும் தனித்தனியே வாக்களிப்பதால் அவர்கள் இருமுறை எண்ணப்படுகின்றனர் என்னும் குறை உண்மையே. எனினும் அவ்வாதரவை எந்த நொடியிலும் திரும்பப் பெறலாம். பெரியவரின் வலிமை சிறியவர் கையில் இருக்கிறது.

உண்மையுலகில் அஃது அவ்வாறில்லை. 2014ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் மலேசிய விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரேன் வான்வெளியில் வீழ்த்தப்பட்டு 298 உயிர்கள் மாண்டன. குற்றவாளிகளை விசாரிக்க அனைத்துலகத் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்கக் கோரும் தீர்மானத்தை, அப்போது பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தரமல்லா உறுப்பினராய் இருந்த மலேசியா, பிற நாடுகளுடன் சேர்ந்து கொண்டுவந்தது. 2015 ஜூலை 29இல் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 11, நடுநிலை 3, எதிர்ப்பு ஒன்றே. அவ்வொன்று ரஷ்யாவுடையதாகையால் தீர்மானம் வீழ்ந்தது. 1945இல் எழுதப்பெற்ற விதி ஐந்து நாடுகளுக்கு வழங்கிய கூடுதல் சீர் அது. எவர் ஆதரவைத் திரும்பப் பெற்றும் அதனைக் குறைக்க இயலாது.

மாணவர்க்கான மாதிரி ஐக்கிய நாடுகள் மன்றங்களை நடத்தும் ஆசிரியர் சிலர், சமத்துவம் கருதி அத்தடை வாக்கை நீக்கிவிட வேண்டும் என்கின்றனர். நான் உடன்படவில்லை. நீக்கிவிட்டால் மாணவன் ஆடுவது தான் வாழும் உலகமன்று. தடை வாக்கு இருக்கட்டும், இருக்கைகள் மாறட்டும். முதல் வாரம் ரஷ்யாவின் இருக்கையில் அமர்ந்த மாணவனை மறுவாரம் மலேசியாவின் இருக்கையில் அமர்த்தி, அதே தீர்மானத்தை மீண்டும் வாக்குக்கு விடலாம்.