ஃபாதர் போனை வைக்கவில்லை

துப்பறியும் படத்துக்கு உயிரே ஓட்டம்தான். ஒரு துப்பு கிடைத்தால் அடுத்ததற்குத் தாவ வேண்டும். ரயன் ஜான்சனின் 'வேக் அப் டெட் மேன்' (2025) அந்த ஓட்டத்தை நட்டநடுவில் நிறுத்திப் பார்க்கிறது. படம் எனக்குப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான்.

நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர். பெரிய வெள்ளி வழிபாட்டின்போது, பிரசங்கம் முடித்துப் பக்கத்துச் சிற்றறைக்குள் ஒதுங்கிய விக்ஸ் சாமியார் முதுகில் கத்தியோடு கிடக்கிறார். பழி உதவிச் சாமியார் ஜட் தலையில் விழுகிறது. குத்துச்சண்டை மேடையில் எதிராளியைக் கொன்றுவிட்டு, அந்தப் பாரத்தோடு குருவானவர். துப்பறிய வரும் பெனுவா பிளாங்குக்கோ மதம் என்றாலே ஆகாது.

செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன் கதைகளில் சாமியாரும் துப்பறிவாளரும் ஒரே ஆள். ஜான்சன் அவரைப் பிளந்து எதிரெதிரே நிறுத்துகிறார். பூட்டிய அறைப் புதிருக்கு மர்மக்கதை எழுத்தாளர் ஜான் டிக்சன் காருக்குக் கடன்பட்டிருப்பதைப் படம் மறைக்கவும் இல்லை. புதிர் கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் சந்தேக வளையத்தில் நிற்கும் நல்ல நடிகர்கள் பாதிப்பேருக்கு வேலையே இல்லை.

ஓட்டம் நிற்கும் அந்த போன் காட்சிக்கு வருகிறேன். ஒரு தகவலுக்காக ஜட் ஒரு கட்டுமான நிறுவனத்தை அழைக்கிறார். மறுமுனையில் லூயிஸ் வளவளவென்று பேசுகிறார், விஷயத்துக்கு வருவதாயில்லை. பிளாங்க் பொறுமையிழந்து தவிக்கிறார், நமக்குச் சிரிப்பு. சட்டென்று அந்தக் குரல் உடைகிறது. எனக்காக ஜெபிப்பீர்களா ஃபாதர்? அம்மா சாகக்கிடக்கிறார், அவரோடு சண்டை. ஜட்டாக வரும் ஜோஷ் ஓகானரின் முகத்தில் இருந்த அவசரமெல்லாம் வடிந்துபோகிறது. தன்மேல் கொலைப்பழி இருப்பதை மறந்து, போனோடு தனியே போய்விடுகிறார். கதை காத்திருக்கிறது, பிளாங்கும். லூயிஸாக வரும் பிரிட்ஜெட் எவரெட் வெறும் குரலால் இதைச் சாதிக்கிறார்.

இன்னொன்று வெளிச்சம். பிளாங்க் தேவாலயத்துக்குள் முதன்முதலில் நின்று மதத்தைச் சாடும்போது ஜன்னல் வெயில் மங்குகிறது. ஜட் பதில் சொல்லத் தொடங்க, அவர்மேல் வெயில் விழுகிறது. ஒளிப்பதிவாளர் ஸ்டீவ் யெட்லினின் கைவேலை. மேகம் விலகியது என்று பிளாங்க் நினைத்துக்கொள்ளலாம். ஜான்சனே பக்தி மிகுந்த கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்து பின்னர் விலகியவர். இரண்டு பேச்சையும் கலப்படமில்லாமல் எழுத அதனால்தான் முடிந்திருக்கிறது.

கடைசியில் எல்லாரையும் கூட்டி, கொலையாளியை அம்பலப்படுத்தும் வழக்கமான கட்டம். விடை கையில் இருந்தும் பிளாங்காக வரும் டேனியல் கிரெய்க் பாதியில் நிறுத்தி, தன்னால் முடியவில்லை என்று தோற்றவராக நிற்கிறார். குற்றவாளி தானாக வாய்திறக்க இடம்விடுகிறார்.