கதிரவன் ஓட்டிய வண்டி தோற்றுவிட்டதா?

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினத்தில் ஏறியிருப்பீர்கள். உச்சியிலிருந்து கீழே இறங்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம், வாயில் ஒரு கூச்சல்! அந்த நேரத்தில் "இந்த ராட்டினத்தை எது சுற்றுகிறது?" என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

பட்டாபிராமில் என்னிடம் பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர் அப்படி எண்ணிப் பார்த்தார். "சார், வெயிலைக் கொண்டு ராட்டினம் சுற்ற முடியாதா? அமெரிக்காவில் அப்படி ஒன்று இருந்ததாமே, சரிப்படாமல் எடுத்துவிட்டார்களாமே?" என்று கேட்டார். அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை, மறுபாதி தவறு. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகில், வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'எப்காட்' பூங்கா 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. அறிவியலையும் வேடிக்கையையும் ஒரே இடத்தில் தருவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்த பூங்கா அது. அங்கே முதல் நாளிலிருந்தே இருந்த அரங்கு 'யூனிவர்ஸ் ஆஃப் எனர்ஜி', அதாவது ஆற்றலின் பேரண்டம். அதன் சாய்ந்த கூரையில் சுமார் 80,000 சூரிய மின்கலங்கள் பதிக்கப்பட்டிருந்தன. நல்ல வெயிலில் அவை தந்த மின்திறன் ஏறத்தாழ 70 கிலோவாட். வகுத்துப் பாருங்கள்: ஒரு மின்கலத்துக்கு ஒரு வாட் கூட இல்லை! அன்றைய நிலை அது. இன்று வீட்டு மாடியில் பொருத்தும் ஒரு பலகை 500 வாட்டுக்கு மேல் தருகிறது. 70 கிலோவாட் பெற சுமார் 130 பலகைகளே போதும்.

அரங்கினுள் நடந்தது என்ன? பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும் இருக்கைப் பகுதியே ஆறு வண்டிகளாகப் பிரிந்து நகரும். ஒரு வண்டியில் 97 பேர். ஆறிலும் சேர்த்து 582 பேர். தண்டவாளம் கிடையாது. தரையில் புதைத்த மெல்லிய கம்பியொன்றின் வழிகாட்டுதலில் வண்டிகள் ஊர்ந்து சென்று, டைனோசர்கள் உலவும் பழங்காலக் காட்டைக் காட்டிவிட்டுத் திரும்பும். அவை நிற்குமிடத்தில், கம்பி எதையும் இணைக்காமல், மின்காந்தத் தூண்டல் மூலமாகவே மின்கல அடுக்குகளுக்கு மின்னேற்றம் நடந்தது. மின்மாற்றியைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறோமே, அதே தத்துவம்தான். இந்த வண்டிகளுக்கு வேண்டிய மின்சாரத்தின் ஒரு பகுதியைக் கூரை ஈடுசெய்தது.

இந்த அமைப்பின் சிறப்பு எதில் இருந்தது? பாடத்தைப் பார்வையாளர் கேட்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்து பயணம் செய்தார். வெளியே கூரை கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே வண்டி நகர்கிறது. காரணமும் விளைவும் ஒரே கட்டடத்தில்! கரும்பலகையில் நான் ஒரு மணி நேரம் எழுதினாலும் இந்தப் பதிவு மாணவர் மனத்தில் ஏற்படாது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அரங்கின் புரவலராக 2004 வரை இருந்தது எக்ஸான் எண்ணெய் நிறுவனம். கூரையில் சூரியன், உள்ளே எண்ணெய்க் கம்பெனியின் ஆதரவில் ஆற்றல் பாடம் என்றால், நடுநிலையை எதிர்பார்க்க முடியுமா? மேலும் 1996-இல் புதுப்பித்த காட்சியே 2017 வரை ஓடியது. அந்த 21 ஆண்டுகளில் சூரிய மின்சாரத்தின் விலை எங்கோ சரிந்துவிட்டது. அரங்கின் பாடமோ நின்ற இடத்திலேயே நின்றது. பழைய பாடநூலை மாற்றாத பள்ளியைப் போல் ஆயிற்று. ஆகவே 2017 ஆகஸ்ட் 13 அன்று அரங்கை மூடியதில் நான் குறை காணவில்லை.

அதன் இடத்தில் வந்தது என்ன? 2022 மே 27 அன்று திறக்கப்பட்ட 'காஸ்மிக் ரீவைண்ட்' என்னும் உருளோட்ட வண்டி, அதாவது ரோலர் கோஸ்டர். திரைப்படக் கதையொன்றைத் தழுவியது. வண்டியைப் பின்னோக்கி ஏவுகிறார்கள், இருக்கைகள் சுழல்கின்றன, வேகம் மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். இளைஞர்களுக்குப் பெரு விருந்துதான். ஆனால் ஆற்றலைப் பற்றிப் பேசிய இடத்தில் ஆற்றல் என்ற பேச்சே இல்லாமற் போயிற்று.

"வெயிலால் இவ்வளவு வேகம் தர முடியாது, அதனால்தான் கைவிட்டார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 டன் எடையுள்ள ஒரு வண்டி அந்த வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 95 கிலோமீட்டர் என்பது விநாடிக்குச் சுமார் 26.4 மீட்டர். இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. விடை சுமார் 35 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, அவ்வளவு ஆரவாரத்துக்கும் தேவைப்படுவது, உராய்வு முதலிய இழப்புகள் நீங்கலாக, நம் வீட்டு மீட்டரில் ஒரே ஒரு யூனிட்!

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஒரு யூனிட்டை ஐந்து விநாடிக்குள் கொடுக்க வேண்டுமானால் 700 கிலோவாட் மின்திறன் வேண்டும். பழைய கூரை தந்ததைப் போல் பத்து மடங்கு. ஆனால் அதே பழைய கூரை 50 விநாடி நல்ல வெயிலில் அந்த ஆற்றலைச் சேர்த்துவிடும். குறைவு ஆற்றலில் அல்ல, திறனில். சிறுகச் சேர்த்து ஒரே மூச்சில் செலவிட ஒரு சேமிப்பு அமைப்பு இருந்தால் போதும். அதே ஆர்லாண்டோவில், வேறொரு பூங்காவில் 1999-இல் வந்த 'ஹல்க்' வண்டியில் அதைத்தான் செய்தார்கள். கனத்த சக்கரங்களை மெல்ல மெல்லச் சுழற்றி வேகமேற்றி, வண்டியை ஏவும் நொடியில் அவற்றிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். நம் பட்டாபிராம் மின்சார ரயிலும் நிலையத்தை விட்டுக் கிளம்பும் சில விநாடிகளில்தான் மிகுதியான திறனை இழுக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சூரிய ஆற்றல் தோற்கவும் இல்லை. 2016-இல் எப்காட் அருகிலேயே 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று செயல்படத் தொடங்கியது. பழைய கூரையைப் போல் எழுபது மடங்கு! பின்னர் டிஸ்னி பூங்காக்களுக்காக 50 மெகாவாட் நிலையமும் எழுந்தது. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய நிலையத்தின் திறன் 648 மெகாவாட். சூரியன் வளர்ந்துவிட்டான். ஆனால் மக்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தை விட்டு வேலிக்கு அப்பால் போய்விட்டான். என் வருத்தம் இதுதான்.

மாற்றம் வந்தால் பாடம் போய்த்தான் ஆக வேண்டுமா? இல்லை. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் சூரிய மின்சாரத்தால் சுற்றும் ராட்டினம் ஒன்று இருந்தது. 2008-இல் அதை அகற்றிப் புதியதை நிறுவியபோது, புதியதையும் சூரிய ஆற்றலோடே இணைத்தார்கள். பழையதும் வீணாகவில்லை, ஏலத்தில் விலைபோய், ஓக்லஹோமா நகரத்தில் 2016 முதல் மீண்டும் சுற்றத் தொடங்கியது. எப்காட்டின் புதிய வண்டி வாயிலிலும் "இந்தப் பயணத்துக்கு இத்தனை யூனிட், இத்தனை விநாடி வெயில்" என்று ஒரு பலகை வைத்தால் வேகம் குறைந்தா போய்விடும்? பயணத்தின் சுவை கூடத்தானே செய்யும்!

இனி நம் ஊருக்கு வருவோம். எப்காட் ஏறத்தாழ 28 பாகை வட அட்சரேகையில், கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. 13 பாகையிலுள்ள நமக்கு ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும், ஆண்டுக்கு இருமுறை, தலைக்கு நேர் மேலே வருகிறான். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் கடற்கரைச் சாலையிலும் உள்ள கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாகப் போகிறார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது ராட்டினக்காரரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: மோட்டார் எத்தனை கிலோவாட்? ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம்? ஒரு நாளில் எத்தனை முறை? விடைகளைப் பெருக்கி 60-ஆல் வகுத்தால் அந்த ராட்டினம் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை யூனிட் செலவழிக்கும் என்பதும், அதற்கு எத்தனை சூரியப் பலகைகள் போதும் என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் மாணவர் இப்போது அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களும் போட்டுப் பாருங்கள். கேள்வி கேட்பவர் ஒருவராவது ஏறி அமரும் வரை எந்த ராட்டினமும் வெறும் வேடிக்கையாகிவிடாது.