அடி குறைத்தவர் பக்கம்

கியூபெக்கின் பழைய பிடில் இசைத்தட்டுகள் பிரெஞ்சு பேசும் ரசிகர்களுக்காக மறுபடி வெளிவரும்போதெல்லாம் அதே முணுமுணுப்பு எழுகிறது: கைவேகம் அபாரம், தாளம்தான் உதைக்கிறது. தப்பான தீர்ப்பு. வில்லை மட்டும் கவனிப்பவர்கள் சொல்வது இது. கவனிக்க வேண்டியது கால்களை.

1920-களின் கடைசியில் மொன்றியலில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்த பிடில்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அந்தத் தலைமுறையில் பலர் அப்படித்தான் வாசித்தார்கள். நாற்காலியில் அமர்ந்து, குதிகாலும் முன்பாதமும் மாற்றி மாற்றி, இரண்டு கால்களாலும் தரையைத் தட்டுகிறார். அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழியாக வந்த ரீல் எனும் நடன மெட்டுகளில் ஒவ்வொரு பகுதியும் எட்டு பார் கணக்கில் முடிவதே வழக்கம். இவரோ வரி முடியும் இடத்தில் ஓர் அடியைக் குறைத்துவிட்டு அடுத்த எடுப்புக்குப் போய்விடுகிறார். கால்களின் ஓட்டம் அறுபடுவதில்லை. அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே குறைப்பு. தவறென்றால் ஒருமுறை வரும், மறுமுறை வராது. சில பதிவுகளில் துணைக்கு வந்த பியானோதான் அங்கே திணறி, சற்றுக் கழித்து ஒட்டிக்கொள்கிறது.

காரணம் ஆட்டத்தில் இருக்கிறது. சதுர நடனத்தில் நான்கு ஜோடிகள் ஒரே நேரத்தில் இடம் மாற வேண்டும். கணக்கு பிசகக் கூடாது. தனியாக ஆடும் ‘ஜீக்’ ஆட்டக்காரருக்கு அந்தக் கட்டாயமில்லை. அவர் மெட்டின் வளைவுக்கே கால் வைப்பார்.

மொன்றியலை ஒட்டிய லஷீனில் 1918-இல் ஹெர்பர்ட் பெர்லினர் தொடங்கிய காம்போ நிறுவனம் ‘ஸ்டார்’ முத்திரையில் வெளியிட்ட தட்டுகளை வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஆடிப் பழகியவர்கள். ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது சுமார் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்திலும் இப்படி அடி குறையும் கோணல் மெட்டையே தேர்ந்தெடுத்தவரைத் தாளம் தெரியாதவர் என்பது அநியாயம். ‘ரீல் டு பாந்து’ மெட்டுக்குத் தந்திகளின் சுருதியையே மாற்றிக் கட்டுகிறார்கள். அதை யாரும் சுருதிப் பிசகு என்பதில்லையே!

இனி நடக்கப்போவது என்ன? இரைச்சல் நீக்குகிறேன் என்று காலடி ஓசையையும் மழுங்கடிக்கும் மறுவெளியீடுகள் சில ஆண்டுகளில் அலமாரியில் தூங்கும். காலடியைத் துலக்கமாக விடும் பதிப்புகளே நிற்கும். இளம் பிடில்காரர்கள் குறைந்த அடியை நிரப்பாமல் அப்படியே பாடம் செய்வார்கள். துணை வாசிக்கும் கிதாரும் பியானோவும் அவர்களுக்கேற்ப இறங்கிவரும். சீர்செய்த பிரதிகளை வைத்துப் பாடம் நடத்துபவர்களுக்கு மாணவர் கூட்டம் குறையும்.

கனடா தேசிய நூலக ஆவணக் காப்பகத்தின் இணைய இசைத்தட்டுத் தொகுப்பில் அந்தக் காலப் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த தட்டைக் கேட்கும்போது வில்லை விட்டுவிட்டு, காலடியை மட்டும் கைவிரலால் எண்ணிப் பாருங்கள்.