நல்ல கறுப்பனுக்கு என்ன கூலி?

ஒரு கறுப்பன் திரையில் தலைகாட்ட வேண்டுமென்றால் முதலில் தான் நல்லவன் என்று அவன் நிரூபித்தாக வேண்டும். திருடக் கூடாது. கோபப்படக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்ணைத் தொடக் கூடாது. அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பி அடிக்கிற எண்ணம் கண்ணில்கூடத் தெரியக் கூடாது. இத்தனைக்கும் ஒத்துக்கொண்டால் படம் முடியும்போது அவனை உயிரோடு விட்டாலும் விடுவார்கள். சில படங்களில் அதுவும் கிடையாது.

இந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு அறுபது வருடத்துக்கும் மேலாக பிரிட்டிஷ் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடித்தவர் ஏர்ல் கேமரூன். 1917இல் பெர்முடாத் தீவில் பிறந்து, 2020 ஜூலையில் இங்கிலாந்தில் இறந்தார். 102 வயது. இறந்தபோது எல்லாரும் அவரை 'முன்னோடி' என்றார்கள். முன்னோடி என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. எத்தனை கதவை அவர் முகத்தில் சாத்தினோம் என்கிற கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். நாம் அந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

கேமரூன் நடிகனாக வேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர் அல்ல. சரக்குக் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1939 கடைசியில் லண்டனில் இறங்கினார். யுத்தம் தொடங்கியிருந்த நேரம். கறுப்பு ஆளுக்கு வேலை எங்கே கிடைக்கும்? ஓட்டலில் பாத்திரம் கழுவினார். 1941இல் 'சூ சின் சோ' என்ற இசை நாடகத்தில் கூட்டத்தில் நிற்கிற ஓர் ஆள் வரவில்லை. அதில் இருந்த நண்பர் மூலம் அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. பாத்திரம் கழுவுவதைவிட இது மேல் என்று போனவர்தான், அப்படியே நடிகரானார்.

அவருக்குக் குரல் பயிற்சி கொடுத்தவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அமாண்டா ஆல்ட்ரிட்ஜ். பால் ராப்சனுக்கும் மரியன் ஆண்டர்சனுக்கும் பயிற்சி தந்த பாடகி. அவருடைய அப்பா அயிரா ஆல்ட்ரிட்ஜ் நியூயார்க்கில் பிறந்த கறுப்பர். அங்கே மேடை கிடைக்காமல் இங்கிலாந்து வந்து, 1833இல் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நின்றவர். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அந்த வருடம்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த மகள், வயதான காலத்தில், பெர்முடாவிலிருந்து வந்த ஒரு கப்பல்காரனை உட்காரவைத்து வார்த்தையை எப்படி உச்சரிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எந்த நாடகப் பள்ளியும் திறக்காத கதவைக் கறுப்பர்கள் தங்களுக்குள்ளேயே திறந்துகொண்ட வரலாறு இது.

1951இல் பாசில் டியர்டன் இயக்கிய 'பூல் ஆஃப் லண்டன்' வந்தது. கேமரூனின் முதல் படம். ஜானி என்கிற ஜமைக்காக் கப்பல்காரன், சனி ஞாயிறு இரண்டு நாள் லண்டனில் இறங்குகிறான். ஓர் அரங்கின் வாசலில் காவலாள் அவனை விரட்டப் பார்க்கிறான். டிக்கெட் கொடுக்கிற வெள்ளைக்காரப் பெண் பாட் அவனோடு மனுஷியாகப் பேசுகிறாள். இருவரும் ஊர் சுற்றுகிறார்கள், கிரீன்விச் வரை போகிறார்கள். அவ்வளவுதான். ஒரு முத்தம்கூட இல்லை. ஆனாலும் கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்புவதை பிரிட்டிஷ் சினிமா காட்டியது இதுதான் முதல் முறை என்கிறார்கள். படம் அந்த விருப்பத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஜானியைக் கப்பலுக்கு அனுப்பிவிடுகிறது. வந்த வழியே போய்விடு தம்பி என்கிற மாதிரி.

இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன்யா இவ்வளவு பொறுமை, ஒரு தடவையாவது கத்தித் தொலையேன் என்று தோன்றியது. மறுபடி பார்த்தபோதுதான் வேறு ஒன்று பிடிபட்டது. காவலாள் விரட்டும்போது கேமரூனுடைய முகத்தில் அதிர்ச்சி இல்லை. இது முன்பே நூறு தடவை நடந்திருக்கிறது என்பது அந்த முகத்தில் இருக்கிறது. பாட் பரிவாகப் பேசும்போதுதான் அவன் அதிர்கிறான். அவமானம் பழகிவிட்டது, மரியாதைதான் புதுசு. வசனம் எழுதினவர் எழுதியிருக்க முடியாத இடம் இது. லண்டன் தெருவில் வேலை கேட்டு அலைந்த உடம்பு கொண்டுவந்து வைத்தது. நல்ல கறுப்பன் என்கிற வேடத்தை வெள்ளை சினிமா தைத்துக் கொடுத்தது, அதற்குள்ளே இருந்து பார்த்த கண் கேமரூனுடையது.

படம் பேசப்பட்டது, நடிப்பும் பேசப்பட்டது. அப்புறம்? வெள்ளை நடிகனாக இருந்தால் அடுத்தடுத்துக் கதாநாயக வேடம் வந்திருக்கும். கேமரூனுக்கு வந்ததெல்லாம் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. கறுப்பு நடிகருக்கான வேடம் என்று எழுதியிருந்தால் ஒழிய நம்மைக் கூப்பிடவே மாட்டார்கள், வெள்ளையருக்கு எழுதிய வேடத்தைக் கறுப்பருக்கு மாற்றுகிற யோசனையே அவர்களுக்கு வராது என்று வயதான காலத்தில் பேட்டியில் சொன்னார். ஆனால் கறுப்பருக்கு எழுதிய வேடத்தை வெள்ளையர் எடுத்துக்கொள்வதற்கு மட்டும் தடை இல்லை. 1964இல் தேசிய நாடக அரங்கில் லாரன்ஸ் ஒலிவியர் உடம்பெல்லாம் கறுப்பு மை பூசிக்கொண்டு ஒத்தெல்லோவானார், அடுத்த வருடம் அது படமாகவும் வந்தது. பிபிசி 1981இல் ஒத்தெல்லோ எடுத்தபோதும் அந்தோனி ஹாப்கின்ஸ்தான். மையைப் பூசிக்கொண்ட வெள்ளையர்கள் ஆடிப்பாடிய ஒரு நிகழ்ச்சியை அந்த பிபிசி 1958 முதல் 1978 வரை இருபது வருடம் ஒளிபரப்பியது. அவர்களுக்குக் கறுப்பு நிறம் வேண்டும், கறுப்பு ஆள் வேண்டாம்.

1955இல் 'சிம்பா'. கென்யாவில் மண்ணை மீட்கப் போராடிய மாவ் மாவ் போராளிகளை வெள்ளைக் குடியேறிகளின் கண்ணால் பார்க்கிற படம். கேமரூன் இதில் டாக்டர் கராஞ்சா. படித்தவர், சாந்தமானவர், இரண்டு பக்கமும் சந்தேகிக்கிற மனுஷன். கடைசியில் செத்துப்போகிறார். நல்ல கறுப்பன் தன் மக்களாலேயே கொல்லப்படுகிறான் என்று காட்டிவிட்டால் காலனி ஆட்சிக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. கென்யாவில் முகாம்களில் அடைக்கப்பட்டவர்களைப் பற்றி அந்தப் படத்துக்குக் கவலை இல்லை. 2013இல்தான் பிரிட்டிஷ் அரசு அந்தச் சித்திரவதைகளுக்கு வருத்தம் தெரிவித்து இழப்பீடு தர ஒத்துக்கொண்டது. இந்தப் படத்தில் கேமரூன் நடித்திருக்கக் கூடாது என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். சொல்லத்தான் வேண்டும். கூடவே, அன்றைக்கு அவருக்கு முன்னால் வேறு என்ன வேடம் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

1958இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர்கள் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். அதற்கு அடுத்த வருடம் 'சஃபையர்' வந்தது. கொலையாகிக் கிடக்கிற ஒரு மாணவியை வெள்ளைக்காரி என்று போலீஸ் நினைக்கிறது. அவளுடைய அண்ணன் வந்து நிற்கிறார். கறுப்பர், டாக்டர் ராபின்ஸ். கேமரூன்தான். வெளுப்பாகப் பிறந்துவிட்ட தங்கை, தன் பிறப்பை மறைத்து வெள்ளையர்களுக்கு நடுவே வாழ்ந்திருக்கிறாள். பெயரைக் கேட்டால், ஊரைக் கேட்டால், தெருவைக் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிற அந்த வாழ்க்கையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மறைத்துக்கொள்ள முடிந்தவள் கொல்லப்படுகிறாள். மறைக்க முடியாதவன் வந்து பிணத்தை அடையாளம் காட்டுகிறான்.

இந்தப் படத்துக்குச் சிறந்த பிரிட்டிஷ் படம் என்று விருது கிடைத்தது. நல்ல நோக்கத்தோடு எடுத்த படம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் இதே படத்தில், தோல் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் மேளச் சத்தம் கேட்டால் கறுப்பு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்கிற மாதிரி ஒரு காட்சி வருகிறது. நிறவெறியைக் கண்டிக்க வந்த படம் நிறவெறியின் பொய்யையே நம்புகிறது. கூட நிற்கிறேன் என்று வருகிறவர்களின் சிக்கல் எப்போதும் இதுதான். நம்மை நல்லவர்கள் என்பார்கள். ஆனால் நம் ரத்தத்தில் என்னமோ இருக்கிறது என்றும் உள்ளூர நம்புவார்கள்.

இதைவிட வெளிப்படையாக விஷயத்தைத் தொட்டது 1961இல் வந்த 'ஃப்ளேம் இன் த ஸ்ட்ரீட்ஸ்'. ஜான் மில்ஸ் ஒரு தொழிற்சங்கத் தலைவர். கறுப்புத் தொழிலாளி கோமஸுக்குப் பதவி உயர்வு தரவேண்டும் என்று சங்கத்தில் முழங்குகிறார். அந்தக் கோமஸ்தான் கேமரூன். தலைவரின் மகள் ஒரு கறுப்பு ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறாள். வீட்டில் பூகம்பம். மேடையில் சமத்துவம், வீட்டுக்குள்ள பேச்சே வேற. அந்த இரவில் ஊரே சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடிக்கொண்டிருக்க, வெள்ளை இளைஞர்கள் கோமஸை நெருப்பில் தள்ளுகிறார்கள். தலைவருக்குப் புத்தி வருவதற்கு ஒரு கறுப்பன் வெந்தாக வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியிலும் இதே கதைதான். 1960இல் பிபிசியின் 'த டார்க் மேன்' நாடகத்தில், கூட வேலை செய்கிறவர்களின் வெறுப்புக்கு நடுவே டாக்சி ஓட்டுகிற மேற்கிந்தியராக வந்தார். 1966இல் 'டாக்டர் ஹூ' தொடரில் விண்வெளி வீரராக வந்தார். ஒரு கறுப்பர் நிஜமாகவே விண்வெளிக்குப் போகப் பதினான்கு வருடம் இருந்தது. 1965இல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'தண்டர்பா'லில் பாண்டுக்கு உதவுகிற பிண்டர். இங்கேயும் உதவுகிற ஆள்தான்.

கேமரூன் பிறந்த பெர்முடாவில் 1959 வரை சினிமாக் கொட்டகைகளில் கறுப்பர்களுக்குத் தனி இடம். 'பூல் ஆஃப் லண்ட'னில் கதாநாயகனாக நின்றவர் தன் சொந்த ஊர்க் கொட்டகையில் விரும்பிய இருக்கையில் உட்கார முடியாது. அந்த 1959 ஜூனில் கறுப்பு இளைஞர்கள் கொட்டகைகளைப் புறக்கணிக்கச் சொல்லி அழைப்பு விட்டார்கள். வேலை போய்விடும் என்பதால் பெயரை வெளியே சொல்லாமல் ரகசியமாக இயங்கினார்கள். மூன்று வாரத்துக்குள் கொட்டகைகளும் ஓட்டல்களும் பணிந்தன. 2012இல் தலைநகர் ஹாமில்டனில் உள்ள அரங்குக்கு ஏர்ல் கேமரூன் பெயரை வைத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த வாசலைத் திறந்தது அந்த இளைஞர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1979இல் கேமரூன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளுக்குப் போனார். 1963இல் ஏற்றுக்கொண்ட பஹாய் சமயப் பணிக்காகப் போனது அது. அங்கே ஐஸ்கிரீம் கடை நடத்தினார். பதினைந்து வருடம் கழித்துத் திரும்பினார். அந்தப் பதினைந்து வருடத்தில் பிரிட்டிஷ் சினிமா அவரைத் தேடியதாகத் தெரியவில்லை.

பிறகு 2005இல் 'த இன்டர்பிரட்டர்'. அப்போது அவருக்கு வயது 87. ஒரு கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அதிபர் சுவானியாக வருகிறார். மக்களை விடுதலை செய்தவர், பின்னால் மக்களைக் கொன்றவர். வாழ்நாளெல்லாம் நல்லவனாகவே இருக்கும்படி பணிக்கப்பட்ட நடிகருக்குத் தப்புச் செய்கிற உரிமை கிடைத்தது. கடைசியில், இளம் வயதில் விடுதலையைப் பற்றித் தானே எழுதிய புத்தகத்தை, துப்பாக்கி முனையில் அவர் வாய்விட்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. குரல் நடுங்குகிறது, ஆனால் ஒரு சொல்கூடச் சிதையவில்லை. அயிரா ஆல்ட்ரிட்ஜின் மகள் சொல்லிக்கொடுத்த மூச்சு அது. அறுபது வருடமாக அந்தக் குரலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு வேடத்துக்காக அவர் காத்திருந்திருக்கிறார்.

2009இல் அரசு விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். நல்ல கறுப்பனுக்குக் கிடைத்த கூலி அதுதான் என்று முடித்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் நடிக்காமல் போன ஒத்தெல்லோவும், அவருக்காக யாரும் எழுதாமல் போன கதைகளும் கூலி பாக்கியாக அப்படியே நிற்கின்றன. பாக்கி வைத்தவர்கள் இப்போது மாலை போடுகிறார்கள். நாம் மாலையை விட்டுவிட்டுப் படங்களைப் பார்ப்போம். அந்த அரங்க வாசலில் ஜானி நிற்கிற காட்சி வரும்போது கொஞ்சம் நிறுத்தி, அந்த முகத்தைப் பாருங்கள்.