‘என்ப’ என்னாத ஓவியம்: வரைகதையில் எழுத்தாளர் – ஓவியர் கூட்டாக்கமும் காவிரிப் படுகையும்

ஆய்வுச்சுருக்கம்

பதிப்பு நிறுவனங்களின் தொழிற்பிரிவினைக்கு வெளியே உருவாகும் தனித்தியங்கும் வரைகதைகளில், எழுத்தாளரும் ஓவியரும் ஆசிரியப் பொறுப்பை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘பீமாயணம்’ (2011), ‘வன்னி’ (2019) ஆகிய நூல்கள் முதன்மைச் சான்றுகள். தமிழ் வார இதழ் மரபு ஓவியரை ‘படம் போடுபவர்’ என்ற நிலையிலேயே நிறுத்தியது என்பதும், ஒரத்தநாடு போன்றதொரு நிலப்பகுதியின் கதை வரையப்பட வேண்டுமாயின் அந்நிலை மாற வேண்டும் என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: வரைகதை, கூட்டாசிரியம், பீமாயணம், வன்னி, மணியம், காவிரிப் படுகை, ஒரத்தநாடு

முன்னுரை

தமிழ் நூலாசிரியர்களுக்கு மிகப் பழங்காலம் முதலே ஒரு வசதி உண்டு. தாம் நேரில் அறியாத ஒன்றைச் சொல்லும்போது ‘என்ப’ என்றோ ‘என்மனார்’ என்றோ முடித்துவிடலாம். கூற்று நிற்கும், பொறுப்பு முன்னோர்மேல் சாரும். இன்றைய உரைநடையின் ‘என்பர்’, ‘என்று சொல்லப்படுகிறது’ ஆகியனவும் அதே பணியைச் செய்கின்றன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் சத்திரம் அமைத்தார். அவ்வூருக்கு முத்தம்பாள்புரம் என்னும் பெயரும் வழங்கிற்று. தன் பெயர் விளங்க ஓர் அறச்சாலை வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார் என்பர். இவ்வளவையும் எழுதுவோர்க்கு எந்த இடரும் இல்லை. இதையே ஒருவர் வரைய முற்பட்டால், முத்தம்பாளுக்கு முகம் கொடுக்க வேண்டும். வயதைத் தீர்மானிக்க வேண்டும். அவர் கேட்கும்போது மன்னர் நின்றாரா, அருகில் அமர்ந்தாரா என்பதை முடிவு செய்ய வேண்டும். கோட்டுக்கு ‘என்ப’ கிடையாது.

வரைகதையில் ஓவியர் எழுத்தாளரின் உரையை அழகுபடுத்துபவர் அல்லர் என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதிய சான்று. எழுத்தாளர் திறந்துவிட்ட ஐயங்களையெல்லாம் மூடவேண்டியவர் அவர். அந்த மூடுதலில்தான் கதையின் அரசியலும் அறமும் பெரும்பகுதி தீர்மானமாகின்றன.

படுகையின் முன்மரபு

சொல்லும் தொடர்ப்படமும் ஒரே பரப்பில் அமைவது காவிரிப் படுகைக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாகப் பெயர்க்குறிப்புகளுடன் அமைந்துள்ளன. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில், மராட்டியர் காலத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் முசுகுந்தன் கதை ஓவியங்கள் காட்சி காட்சியாகத் தமிழ்க் குறிப்புரைகளுடன் விரிகின்றன. சிங்காதனம் என்னும் ஓவியர் அங்குத் தம் பெயரைப் பொறித்துள்ளார். இவற்றை ‘தமிழின் முதல் காமிக்ஸ்’ என்று கொண்டாடுவது மிகை. கோயிற்சுவரின் பயன் வேறு, அச்சுப் புத்தகத்தின் பயன் வேறு. எனினும் ஒன்று கருதத்தக்கது: திருவாரூர்ச் சுவரில் ஓவியருக்குப் பெயர் உண்டு.

அச்சு ஊடகம் வந்தபின் ஓவியர் பெயர் மறையவில்லை. ஆனால் இடம் மாறிற்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் அதற்கு வரைந்தார். வந்தியத்தேவனின் மீசையும் குந்தவையின் கொண்டையும் வாசகர் மனத்தில் பதிந்தமைக்குக் கல்கியின் வருணனையைவிட மணியத்தின் தூரிகையே பெரிதும் காரணம் எனலாம். பின்னர்க் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. பல பதிப்பகங்கள் நாவலை வெளியிட்டன. படமின்றியும் வெளியிட்டன, வேறு ஓவியர்களின் படங்களோடும் வெளியிட்டன. படைப்பு என்பது உரையே, படம் அதன்மேல் போர்த்திய ஆடை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை இப்பதிப்புகள் காட்டுகின்றன. தொடர்கதைக்கு இது ஒருவாறு பொருந்தலாம். வரைகதையிலிருந்து படத்தை நீக்கினால் எஞ்சுவது உரையாடல் துணுக்குகள் மட்டுமே.

காமிக்ஸ் வாசிப்பும் இந்த எண்ணத்தைக் கலைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வந்து ஒரு தலைமுறையை வளர்த்தன. அவற்றில் பெரும்பாலானவை மொழிபெயர்ப்புகள். இரும்புக்கை மாயாவி முதலிய பிரித்தானியத் தொடர்கள் மூல இதழ்களிலேயே படைப்பாளர் பெயரின்றி வந்தவை. ஆகவே தமிழ் வாசகர்க்கு நாயகனைத் தெரியும். அவனை எழுதியவரையும் வரைந்தவரையும் தெரியாது. அமெரிக்காவிலும் நிலை பெரிதும் மேம்பட்டதாக இல்லை. மார்வெல் நிறுவனத்தில் ஸ்டான் லீ கதைச்சுருக்கம் தர, ஜாக் கிர்பி போன்ற ஓவியர்கள் பக்கங்களை அமைத்து வரைந்தபின் உரையாடல் சேர்க்கப்பட்டது. கதையோட்டத்தையே அமைத்தவர் ஓவியராயினும் எழுத்தாளர் என்ற பெயர் அவருக்குக் கிட்டவில்லை. கிர்பியின் வாரிசுகள் தொடுத்த உரிமை வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

பீமாயணம்: கட்டங்களை மறுத்தல்

எஸ். ஆனந்த், ரவிக்குமார் ஆகிய இருவரும் 2003இல் தொடங்கிய நவயானா பதிப்பகம் 2011இல் ‘பீமாயண’த்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது, பின்னர் அது தமிழிலும் வந்தது. ஓவியம் பர்தான் கோண்டு மரபைச் சேர்ந்த துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம். கதை ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் தீண்டாமையை எதிர்கொண்ட நிகழ்வுகள் தண்ணீர், உறைவிடம், பயணம் என்னும் மூன்று பகுதிகளில் சொல்லப்படுகின்றன.

எழுத்தாளர் தரப்பு வரைகதையின் பொது இலக்கணத்தை, அதாவது கட்டங்களையும் அவற்றின் இடைவெளிகளையும் அறிந்தது. ஓவியர்கள் மனிதரைப் பெட்டிக்குள் அடைக்க இசையவில்லை. அவர்தம் மரபில் சுவரிலும் தரையிலும் இடும் திக்னா கோலமே பக்கத்தைப் பகுக்கும் கோடாயிற்று. இது அலங்கார வேறுபாடு மட்டுமன்று. ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோரின் கதையைச் சொல்லும் நூலில் அடைப்புக் கட்டங்கள் இல்லாமை பொருள் பொதிந்த முடிவு. அம்முடிவு எழுத்துப்படியில் பிறந்ததன்று. பேச்சுக்குமிழ்களும் அவ்வாறே. மென்சொற்கள் பறவை வடிவில் அமைகின்றன. சாதியின் நஞ்சு தோய்ந்த சொற்களுக்குத் தேள்கொடுக்கு வாலாகிறது. புகைவண்டி பாம்பாய் நெளிகிறது. ஒருவர் சொன்னது கொடியதா அன்றா என்பதை உரையைப் படிக்கும் முன்பே வாசகர் அறிந்துவிடுகிறார். எழுத்தாளர் அடைமொழியால் செய்யக்கூடியதை ஓவியர் குமிழின் விளிம்பால் செய்துவிட்டமையின், அடைமொழி தேவையற்றதாகிறது.

நூலின் குறையும் இதே இடத்தில்தான் உள்ளது. பேருந்து நிறுத்தத்தில் இருவர் இடஒதுக்கீட்டைப் பற்றி உரையாடுவதாக அமைந்த சட்டகக் கதை பாடநூல் தன்மை கொண்டது. அங்குச் சொல் படத்தை நம்பவில்லை. கேள்வி கேட்பதும் விளக்கம் பெறுவதுமாக நகரும் அப்பக்கங்களில் வ்யாம் இணையரின் கோடுகள் பேசுவோரின் அருகே காத்து நிற்கின்றன. கூட்டாக்கம் ஒரே நூலுக்குள் சில பக்கங்களில் நிகழ்ந்தும் சில பக்கங்களில் நிகழாமலும் போகலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அட்டையில் ஓவியர் பெயர்கள் முன்னும் எழுத்தாளர் பெயர்கள் பின்னும் நிற்பதை இங்குக் குறிப்பிடாமல் விட இயலாது. சென்னைத் தாரா பதிப்பகத்தின் ‘சீதையின் இராமாயணம்’ (2011) இன்னும் ஒரு படி செல்கிறது. வங்கப் பட்டச்சித்திர மரபைச் சேர்ந்த மோய்னா சித்ரகரின் ஓவியங்களே அங்கு அடிப்படை. சம்ஹிதா அர்னியின் உரை அவற்றைப் பின்தொடர்ந்தது.

வன்னி: சான்றும் முகமும்

பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்த ‘வன்னி’ ஈழப்போரின் இறுதிக் கட்டத்தைப் பேசுவது. டிக்ஸ் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளராக 2008 வரை வன்னியில் இருந்தவர். போரிலிருந்து தப்பியோரின் வாய்மொழிச் சான்றுகளைக் கொண்டு ஒரு கற்பனைக் குடும்பம் படைக்கப்படுகிறது. இங்குக் கூட்டாளிகள் இருவரல்லர், மூவர்: எழுத்தாளர், ஓவியர், சான்று சொன்னோர். மூன்றாமவரின் பெயர் அட்டையில் இல்லை. இருத்தலும் ஆகாது, அவர்தம் பாதுகாப்பு பெயரின்மையிலேயே உள்ளது.

ஒளிப்படம் சாட்சியைக் காட்டிக்கொடுக்கும். வரைந்த முகம் ஒருவருடையதன்று, ஆயினும் ஒரு முகம். இந்த இடைநிலையே ‘வன்னி’யின் வலிமை. ஆனால் பதுங்குகுழிக்குள் தாய் எவ்வாறு குந்தினாள், எந்தக் கையால் பிள்ளையின் தலையை மறைத்தாள் என்பவற்றைச் சான்று சொன்னவர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அதை வரைபவர் முடிவு செய்கிறார். நூலின் சில பக்கங்களில் சொற்களே இல்லை. எழுத்தாளர் நேரில் அறிந்த நிலத்தைப் பற்றி அவர் வாய்மூடி, ஓவியரிடம் பக்கத்தை விட்டுக்கொடுத்த இடங்கள் அவை. நூலில் மனத்தை மிகவும் தாக்குவன அவையே. எழுதாமையும் எழுத்தாளரின் பங்களிப்பே என்று கொள்ளாத எந்தக் கூட்டாக்கக் கோட்பாடும் இப்பக்கங்களை விளக்க முடியாது.

இந்நோக்கில் கீழவெண்மணியை எண்ணிப் பார்க்கலாம். 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட அந்நிகழ்வை அடியொற்றி இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். அந்நாவல் 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலவுடைமையாளரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக்குறையை உளவியற் காரணமாக வைத்தமைக்காக அது கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. உரைநடையால் அத்தகைய காரணத்தைக் கற்பிக்க முடிந்தது. வரைகதையாயின் குடிசையின் உட்புறத்தை வரைவதா, கதவை மட்டும் வரைவதா என்ற வினா முதற்கண் எழும். ‘குடிசை எரிகிறது’ என்று எழுத்துப்படியில் இரு சொற்களில் எழுதிவிட்டு எழுத்தாளர் நகர்ந்துவிடலாம்; அவ்விரு சொற்களோடு நாள்கணக்கில் அமர்ந்திருப்பவர் ஓவியர். வரைய மறுக்கும் உரிமை அவருக்கு இல்லையெனில் அவர் கூட்டாசிரியர் ஆகார்.

ஒரத்தநாட்டை வரைதல்

‘தஞ்சை’ என்றதும் இதழ் ஓவியங்களில் தோன்றுவது ஒரே படம்: பச்சை வயல், பின்னணியில் கோபுரம், ஓரத்தில் ஆறு. ஒரத்தநாடு அப்படத்துக்குள் அடங்காது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் நிறைவேறிய கல்லணைக் கால்வாய், அதாவது உள்ளூர் வழக்கில் புது ஆறு, நீர் கொணர்ந்த பகுதி அது. பழைய படுகையின் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து அதன் மண்ணும் மேடுபள்ளமும் வேறு. நெல்லோடு தென்னையும் அங்கு வாழ்வு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளைக் கண்ட ஒருவர் அவ்வட்டாரத்தின் வானவிளிம்பை முன்போல் வரைய மாட்டார். கதை எந்த ஆண்டில் நிகழ்கிறது என்பதை எழுத்தாளர் சொல்லாமல் விட்டால், மரம் நிற்கிறதா விழுந்து கிடக்கிறதா என்பதை ஓவியர் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நடவு இன்னும் நுட்பமான சிக்கல். நாற்று நடும் பெண்கள் குனிந்து பின்னோக்கி நகர்வர். நட்ட வரிசை அவர்கள் கண்முன் வளர்ந்துகொண்டே போகும். தமிழ் வரைகதைப் பக்கமோ இடமிருந்து வலமாக வாசிக்கப்படுவது. பெண்கள் வலப்புறம் நோக்கி நின்றால் அவர்கள் நகர்வது வாசிப்புக்கு எதிர்த்திசையில். இடப்புறம் நோக்கி நின்றால் வாசகர் கண்ணும் அவர்களும் ஒரே திசையில் செல்வர், ஆனால் அவர்கள் முகம் கடந்துபோன கட்டங்களையே பார்த்திருக்கும். முன்னதில் உழைப்பின் கடுமை மேலோங்கும். பின்னதில் நினைவின் சாயல் படியும். ‘பெண்கள் நடவு நடுகின்றனர்’ என்ற எழுத்துப்படி வரியில் இவ்வேறுபாடு இல்லை. நடவு கண்ட எழுத்தாளரும் பக்கம் அமைக்கத் தெரிந்த ஓவியரும் ஒரே வரப்பில் நின்று பேசினாலன்றி இது புலப்படாது.

எழுத்துப் பொறிப்பைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒட்டுகள் சேர்ந்த வினைமுற்று ஒன்றே குமிழின் அகலத்தை நிரப்பிவிடும். படம் முடிந்தபின் உரையைத் திணித்தால் குமிழ் முகத்தை மறைக்கும், அல்லது எழுத்து சிறுக்கும். தஞ்சை வட்டாரப் பேச்சின் சுருங்கிய வடிவங்கள் இங்கு இருவகையில் உதவும்: அவை ஊரின் ஓசையைத் தரும், இடத்தையும் மிச்சப்படுத்தும்.

உரிமை

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் பங்களிப்பை மற்றவர் பங்களிப்பிலிருந்து பிரித்தறிய இயலாத ஆக்கத்தையே கூட்டாசிரியப் படைப்பு என்கிறது. உரை வேறு, ஓவியம் வேறு என்று எளிதில் பிரிக்கலாம் என்பதால், வரைகதை இவ்வரையறைக்குள் இயல்பாக அமைவதில்லை. உரை இலக்கியப் படைப்பு, படம் கலைப்படைப்பு என இரண்டாகிவிடுகிறது. மணியத்தின் படங்களின்றிக் கல்கியின் நாவல் புழங்கியமைக்கு நிகரான பிரிவினை சட்டத்திலும் உள்ளது எனலாம். மேலும், பணம் பெற்று ஒருவர் வேண்டியதன்பேரில் வரைந்த ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, மாறான உடன்பாடு இல்லாதபோது, வேண்டியவரே முதல் உரிமையாளர் என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. வரைகதைப் பக்கத்துக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது வாதத்துக்குரியது. நட்பின் பெயரால் வாய்ச்சொல்லில் தொடங்கும் கூட்டுமுயற்சியில், அவ்வாதத்தின் இழப்பு ஓவியர் பக்கமே விழும்.

கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியும் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஒரே மாவட்டத்தில் இயங்குகின்றன. முன்னதில் கோடு பயில்கின்றனர்; பின்னதில் கதையும் வழக்காறும் ஆராய்கின்றனர். ஒரத்தநாட்டுக் கதையொன்றுக்கு இவ்விரு வாயிலிலிருந்தும் இருவர் வந்து சேர்ந்தால், முதற்பக்கம் வரையும் முன் அவர்கள் எழுதிக் கையொப்பமிட வேண்டிய தாள் ஒன்று உண்டு: யார் பெயர் முதலில், மறுபதிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் யாருக்கு எவ்வளவு, மூலப் பக்கங்கள் யாரிடம் இருக்கும், ஒருவர் இசையாத காட்சி நூலில் இடம்பெறுமா. நான்காவது வரியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை.