பேய்க்கும் பாய், குண்டுக்கும் பாய்: வகைப்படங்களும் தமிழ் முஸ்லிமும்

1

மேல்விஷாரத்தில் ஒரு டீக்கடை. தொலைக்காட்சியில் 'காஞ்சனா' ஓடிக்கொண்டிருந்தது, எத்தனையாவது முறையோ. தோல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்திருந்த இளைஞர் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னாண்ணே, பேய்னா ஒரு பாய் வேணும், குண்டுன்னாலும் ஒரு பாய் வேணும். தோலுக்கு மட்டும் பாய் வேணாமா இவனுங்களுக்கு?" கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். திரும்பி நடந்து வரும்போது அந்த வாக்கியம் சிரிப்பாக இல்லை.

நாம் சிறுபத்திரிகைகளில் சினிமா பற்றி எழுதி வந்ததில் பெரும்பகுதி 'நல்ல சினிமா' பற்றியது. மிச்சம் 'வணிக சினிமா'வைத் திட்டியது. மாயாஜாலப் படம், பேய்ப்படம், தாதா படம், துப்பறியும் படம் என்று தான் இன்ன வகை என்பதைப் போஸ்டரிலேயே சொல்லிவிட்டு வருகிற படங்களை (வசதிக்காக வகைப்படம் என்கிறேன்) நாம் வாசிக்கவே இல்லை. ஒரு படத்தில் முஸ்லிம் நல்லவனா கெட்டவனா என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். பாத்திரத்தின் குணத்தைவிட முக்கியமானது அந்த வகையின் விதி. எந்த வகை ஒரு முஸ்லிமை என்னவாக இருக்க அனுமதிக்கிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் புரண்டுபோகும். நாம் மதித்த வகை அவனை நெருக்கியிருக்கிறது; நாம் மதிக்காத வகைகளே அவனுக்குக் கொஞ்சமாவது இடம் விட்டிருக்கின்றன.

2

சாகசப் படத்திலிருந்து தொடங்கலாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1956இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். 1941லேயே அதே கதை என்.எஸ். கிருஷ்ணன் நடித்து வந்துவிட்டது. 1960இல் 'பாக்தாத் திருடன்'. தமிழ் சினிமா தன் முதல் முழுநீள வண்ணக் கனவைக் காண பாக்தாதுக்குப் போயிருக்கிறது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த பாக்தாத் எந்த வரைபடத்திலும் இல்லாதது. எட்வர்ட் சய்த் படித்தவர்கள் உடனே கீழைத்தேயவாதம் என்று கை தூக்குவார்கள். சரிதான். பட்டுத் திரை, குகை, அடிமைப்பெண், பொற்காசு என எல்லாம் மேற்கத்தியக் கற்பனை வழியாக வந்த சரக்குதான். ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. எம்.ஜி.ஆர். அலிபாபா என்றால், பி.எஸ். வீரப்பா அபு ஹுசேன். நாயகனும் முஸ்லிம், வில்லனும் முஸ்லிம், காதலியும் முஸ்லிம். எல்லோரும் முஸ்லிம் என்பதால் 'முஸ்லிம்' என்பது அங்கே ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. விறகுவெட்டியின் ஏழ்மையும் கொள்ளைக்காரனின் பேராசையும்தான் கேள்வி. வடஆற்காட்டிலும் எம்.ஜி.ஆர். ரசிகன் அலிபாபாவுக்கு விசிலடித்தபோது ஒரு 'மற்றமை'க்கு விசிலடிக்கவில்லை, தன் வாத்தியாருக்குத்தான் அடித்தான்.

இதை மதநல்லிணக்கம் என்று கொண்டாட வேண்டியதில்லை. அந்த வகையின் விதி அவனிடம் தேசபக்தியை நிரூபிக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகிப் போனது என்று பார்க்கவேண்டும்.

3

1992 ஆகஸ்டில் 'ரோஜா' வருகிறது. டிசம்பர் 6இல் பாபர் மசூதி இடிக்கப்படுகிறது. எரியும் தேசியக் கொடியை நாயகன் தன் உடம்பால் அணைக்கிற காட்சியோடு தீவிரவாதியின் தொழுகை மாறிமாறி வெட்டி இணைக்கப்பட்டதை 1994இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் தேஜஸ்வினி நிரஞ்சனா எழுதிய கட்டுரையும் அதையொட்டி எழுந்த விவாதமும் அம்பலப்படுத்தின. நான் கவனிக்கச் சொல்வது வேறு. 'ரோஜா'வின் எலும்புக்கூடு ஒரு கடத்தல் திரில்லர். திரில்லரின் விதி மறைந்திருப்பவனைக் கண்டுபிடிப்பது. அந்த விதிக்குள் தேசத்தை வைத்தவுடன் தாடியும் தொப்பியும் தொழுகையும் துப்பாகிவிடுகின்றன. இயக்குநரின் நோக்கம் என்னவாக இருந்தாலும் வகை தன் வேலையைச் செய்துவிடும்.

1995 இன்னும் சுவாரசியமானது. பொங்கலுக்கு 'பாட்ஷா', மார்ச்சில் 'பம்பாய்'. இரண்டும் பம்பாயைத் தேடிப் போகின்றன. ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். இன்னொன்றை ரஜினி படம் என்று விட்டுவிட்டோம். 'பாட்ஷா'வில் நாயகனின் உயிர் நண்பன் அன்வர் கொல்லப்படுகிறான். மாணிக்கம் பழிவாங்கி, நண்பனின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து மாணிக் பாட்ஷா ஆகிறான். மசூதி இடிக்கப்பட்டு மூன்று ஆண்டுகூட ஆகாத தமிழ்நாட்டில், திரையரங்கம் முழுக்க ஒரு முஸ்லிம் பெயரை நெஞ்சு நிமிர்த்திக் கத்தியது. எந்த மதநல்லிணக்கப் பிரச்சாரப் படத்தாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் உள்ளே பாருங்கள். முஸ்லிம் செத்தால்தான் அவன் பெயர் நாயகனுக்குக் கிடைக்கிறது. அதோடு, அந்தப் பெயர் வன்முறையின் பெயர். அமைதியாக ஆட்டோ ஓட்டுபவன் மாணிக்கம். அடிக்கத் தொடங்கினால் பாட்ஷா. குடும்பத்துக்குள் திரும்பும்போது பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது. நேசமும் அச்சமும் ஒரே பெயருக்குள் கிடக்கின்றன. 'பம்பாய்' இந்த முரணைச் சமரசப் பிரசங்கத்தால் மூடுகிறது. 'பாட்ஷா' மூடவில்லை, மூடத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லலாம். அதனால்தான் அது நமக்கு அதிகம் சொல்கிறது.

4

பேய்ப்படத்துக்கு வருவோம். டாக்டர் கைவிரித்த பிறகு தர்காவுக்குக் கூட்டிப்போவது தமிழர் வாழ்க்கையில் இருப்பது. தாயத்து கட்டவும் தண்ணீர் ஓதி வாங்கவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் இந்துப் பெண்களை எந்த தர்கா வாசலிலும் பார்க்கலாம். மந்திரிக்கிற பாய் திரைக்கு வந்தது இந்த நடைமுறையிலிருந்துதான்.

2011இல் ராகவா லாரன்ஸ் எடுத்த 'காஞ்சனா' இன்னும் ஒரு படி போகிறது. பெற்றோர் விரட்டிய திருநங்கையை எடுத்து வளர்ப்பவர் ஒரு பாய். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட அவள் வாங்கிய நிலத்தை அரசியல்வாதி பறிக்கிறான். அவளும் பாயும் அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனும் கொல்லப்படுகிறார்கள். மூன்று பேரும் பேயாகத் திரும்பி வருகிறார்கள். பேய்ப்படத்தின் அடிப்படை விதி ஒன்று உண்டு: அநியாயமாகச் செத்தவர்களுக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு. நீதிமன்றம் தராததை இந்த வகை தருகிறது. நமது கோட்பாட்டுக் கட்டுரைகள் 'விளிம்புநிலைகளின் ஒன்றிணைவு' என்று எழுதிக்கொண்டிருந்ததை, திருநங்கை, முஸ்லிம், மனவளர்ச்சி குன்றியவன் ஆகிய மூவரையும் ஒரே உடம்பில் ஏற்றி ஒரு மசாலாப் படம் ஆடிக் காட்டிவிட்டது.

இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, மொழி. பாயின் ஆவி ஏறியதும் நாயகன் இந்தி பேசுகிறான். பாலாற்றங்கரை முஸ்லிம்களில் உருது வீடும் உண்டு, தமிழ் வீடும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழில் கனவு காண்கிற லெப்பைக் குடும்பத்துப் பையன் திரையில் தன்னைப் பார்த்தால் அங்கே 'நம்பள்கி நிம்பள்கி'தான் கேட்கிறது. நகைச்சுவைப் படங்கள் செய்த இந்தக் காரியத்தை நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'வந்தவன்' என்ற இந்துத்துவச் சொல்லாடலுக்கு இந்தக் கொச்சை வெகுகாலமாகப் பாதை போட்டு வந்திருக்கிறது.

இரண்டாவது, திரை விரும்புகிற இந்த 'நல்ல பாய்' முஸ்லிம்களுக்குள்ளேயே விவாதத்துக்குரியவர். 2016 ஜனவரியில் திருச்சியில் தவ்ஹீத் ஜமாஅத் நடத்திய ஷிர்க் ஒழிப்பு மாநாடு தாயத்தையும் தர்கா வழிபாட்டையும் எதிர்த்துத்தான் கூட்டப்பட்டது. தர்காவா தவ்ஹீதா என்பது அவர்கள் வீட்டுக்குள் நடக்கிற வாதம். சினிமாவோ தாயத்துக் கட்டுபவனை நல்லவனாகவும், தாடி வைத்துத் தாயத்தை மறுப்பவனைச் சந்தேகத்துக்குரியவனாகவும் பிரித்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

5

2012இல் 'துப்பாக்கி', 2013இல் 'விஸ்வரூபம்'. எதிர்ப்பு, மன்னிப்பு, காட்சி நீக்கம். 'விஸ்வரூப'த்துக்கு மாநில அரசின் தடை, பிப்ரவரியில் வெளியீடு. ஒரு பக்கம் கருத்துச் சுதந்திரம் என்றோம், மறுபக்கம் சிறுபான்மையினர் உணர்வு என்றோம். எந்தக் காட்சியை வெட்டுவது என்று பேரம் நடந்தது. காட்சியை வெட்டலாம், மறைந்திருப்பவனைத் தேடு என்கிற விதியை எந்தக் கத்தரிக்கோலால் வெட்டுவது? 'ஸ்லீப்பர் செல்' என்ற சொல் பள்ளிக்கூடத்துக் கிண்டலாக மாறி முஸ்லிம் பிள்ளைகள் தலையில் விழுந்தது. தணிக்கைச் சான்றிதழில் அதற்கு இடமில்லை.

இதற்கு ஒரு பதில் வந்தது. அதுவும் வகைப்படத்திலிருந்தே. 2021 நவம்பரில் வெங்கட் பிரபுவின் 'மாநாடு'. அப்துல் காலிக் என்ற நாயகன் ஒரே நாளில் சிக்கிக்கொள்கிறான். முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் மீது போட்டுக் கலவரம் மூட்டச் சதி. அதைத் தடுக்கப் போகும் காலிக் சாகிறான், விழிக்கிறான், மறுபடி முதலிலிருந்து. காலச்சுழல் என்பது வேடிக்கைக்கான உத்திதான். ஆனால் ஒவ்வொரு குண்டுவெடிப்புச் செய்திக்குப் பிறகும் 'நான் அவனில்லை' என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியவனின் நாள் வேறெப்படி இருக்கும்? நேற்று நிரூபித்தது இன்று செல்லாது. இந்த அனுபவத்தை ஒரு யதார்த்தப் படம் வசனமாகச் சொல்லியிருக்கும். வகைப்படம் வடிவமாகவே ஆக்கிவிட்டது. குறை இல்லாமல் இல்லை. காலிக்குக்கு அந்தச் சக்தி வந்ததற்குக் காரணம் உஜ்ஜயினியில் ஒரு கோயிலில் பிறந்தது என்கிறது படம். முஸ்லிம் நாயகனாவதற்கும் ஒரு கோயில் சான்றிதழ் தேவைப்படுகிறது! ஆறு மாதத்துக்குள், 2022 ஏப்ரலில், 'பீஸ்ட்' வந்து பழைய விதியை மறுபடி எழுதிவிட்டது.

6

அந்த இளைஞரின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தோலுக்கு பாய் வேண்டாமா?

இந்த வட்டாரத்தில் முஸ்லிம் என்றால் முதலில் தோல். முதலாளியாக, தரகராக, கணக்குப்பிள்ளையாக, கூலியாக. சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களில் பெரும்பகுதி தலித்துகள்; அவர்களோடு ஏழை முஸ்லிம்களும் இப்போது வடநாட்டுத் தொழிலாளிகளும். பாலாறு என்ன ஆனது என்பது ஊரறிந்தது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை வைத்து டி. செல்வராஜ் 'தோல்' (2010) என்ற நாவலை எழுதினார். சினிமா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முஸ்லிமை வர்க்கமாகப் பார்க்க நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? 'நல்ல முஸ்லிம்' பாத்திரம் கேட்டு மனுப் போடுவதும் அந்தத் தயக்கத்தின் இன்னொரு முகம்தான். குழியில் இறங்குபவனும் கரையில் நிற்கும் முதலாளியும் ஒரே ஜமாஅத்தில் இருக்கிற கதையைத் தாங்கும் ஒரு வகை வேண்டும்.

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் கம்பெனிக்குள் சேறு புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பேய்ப்படத்தின் விதியைத் திரும்பச் சொல்கிறேன்: அநியாயமாகச் செத்தவர்களுக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு. நிலம் பறிகொடுத்த காஞ்சனா வந்துவிட்டாள். இந்தப் பத்துப் பேர் எந்தத் திரையிலும் வரவில்லை. அவர்கள் வந்தால் எந்த மொழியில் பேசுவார்கள், யார் உடம்பில் ஏறுவார்கள், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? வகைப்படத்தைக் குப்பை என்று ஒதுக்கியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. டீக்கடையில் ஒருவர் கேட்டாயிற்று.