திருப்பி வைக்க வந்தவன்

பிரான்ஸ்வா த்ரூஃபோ 1959-இல் எடுத்த ‘நானூறு அடிகள்’ படத்தை, 13 வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது சங்கடமான காரியம். (அடிகள் என்பது மொழிபெயர்ப்பின் குறும்பு, பிரெஞ்சு வழக்கில் அதற்கு அட்டகாசம் பண்ணுவது என்று பொருள்.)

பாரிஸ் நகரத்துப் பையன் அந்துவான் பள்ளிக்கு மட்டம் போடுகிறான். மறுநாள் காரணம் கேட்ட ஆசிரியரிடம், ‘அம்மா செத்துப்போய்விட்டாள்’ என்கிறான். இந்த இடத்தில் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள்தான் அவளை வேறொரு ஆணுடன் தெருவில் பார்த்திருக்கிறான். இரண்டையும் படம் முடிச்சுப் போட்டுக் காட்டுவதில்லை. நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு தகப்பனாரின் ஆபீஸிலிருந்து டைப்ரைட்டரைத் திருடுகிறான். விற்க முடியவில்லை. திருப்பி வைக்கப் போகும்போதுதான் பிடிபடுகிறான். தகப்பனார் அவனைப் போலீஸில் ஒப்படைக்கிறார். கொடுமைக்காரர் அல்ல, வீட்டில் வேடிக்கை பேசுகிற மனுஷர். அதனால்தான் அந்தக் காட்சி உறைக்கிறது. அவருக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். தாயாரை மட்டும் த்ரூஃபோ கொஞ்சம் ஓரவஞ்சனையாகத் தீட்டிவிட்டார் என்பேன்.

போன வருஷம் என் சட்டைப் பையில் 500 ரூபாய் குறைந்தது. மறுநாள் அதே பையில் என் மகன் கை விட்டிருந்தபோது பிடித்து அறைந்தேன். கையில் நோட்டு இருந்தது. எடுக்கிறானா, வைக்கிறானா என்று பார்க்கவில்லை. படம் முடிந்ததும் கேட்டேன்.

‘போங்கப்பா, அதெல்லாம் மறந்து போச்சு’ என்று எழுந்து போய்விட்டான்.